மழையா, மலையா?



இலக்கியத் தொடர் ஒன்றில் மோட்டார் காரைப் பற்றியும் ஒலிபெருக்கியைப் பற்றியும் பேச இவருக்கு என்ன வந்தது என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் பொறியியல் படித்தவனல்லன். மலையகத்து இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். ஆயினும் என் காரில் பூட்டியிருந்த ஒலிக்கருவி ஒரு தாலாட்டின் பொருளையே எனக்கு மாற்றிச் சொல்லிவிட்டது. நானும் அதை நம்பி வகுப்பில் விளக்கம் கூறிவிட்டேன். அந்தப் பிழையைத் திருத்தப் போன இடத்தில் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1986ஆம் ஆண்டு, மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்த என் சித்தப்பா ஒரு 'டூ இன் வன்' வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதை லயத்து இஸ்தோப்பில் வைத்து அப்பாயியைப் பாடச் சொல்லிக் கஸற்றில் பதிவு செய்தார். அப்பாயி கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே வாழ்ந்தவர். மூன்று ஆண்டுகளில் அவர் காலமானார். அந்தக் கஸற் மட்டும் அப்பாவின் தகரப் பெட்டிக்குள் கிடந்தது.

அப்பாவுக்கு இப்போது 81 வயது. மாதம் ஒருமுறை நுவரெலியாவில் அவருக்குக் கிளினிக். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக என்னுடைய பழைய ஜப்பான் காரில் அழைத்துச் செல்வேன். போகும் வழியில் அவர் தம் தாயின் குரலைக் கேட்கட்டுமே என்ற ஆசையில் கஸற்றை ஒரு சிறிய யூ.எஸ்.பி.யில் பிரதி எடுத்துக் காரில் போட்டேன். அப்பா காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணும் வெளங்கலப்பா. சத்தந்தான் கேக்குது, சொல்லு கேக்கல."

எனக்கு மட்டும் ஓரளவு விளங்கியது. பிள்ளைமடுவத்தில் விட்டுச் செல்லும் குழந்தையிடம் தாய் சொல்கிறாள், 'மலை விட்டதும் வந்துவிடுவேன்' என்று. தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் நிலம். மலைக்குப் போனாள் என்றால் வேலைக்குப் போனாள் என்பது பொருள். ஆகவே, மலை ஒரு காவற்காரனைப் போல அந்தத் தாயைப் பிடித்து வைத்திருக்கிறது, அது விட்டால்தான் அவள் பிள்ளையிடம் வரமுடியும் என்று உயர்தர வகுப்பில் அழகாக விளக்கினேன். மாணவர்களும் குறிப்பெடுத்துக் கொண்டார்கள்.

எனினும் அப்பாவின் சொல் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. நல்ல ஒலி, கெட்ட ஒலி என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

ஹட்டன் நகரில் வாகன மின்வேலை செய்யும் சிறிய பட்டறை ஒன்றை என் பழைய மாணவர் நடத்துகிறார். அவரிடம் காரைக் கொண்டுபோனேன். முன்னொரு முறை வேறொரு கடையில் பெரிய 'பேஸ்' பெட்டி ஒன்றை டிக்கிக்குள் பூட்டியிருந்தேன். இன்னும் கூடிய வாட்டில் ஒரு அம்பிளிபயர் போடலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"சேர், மொதல்ல சத்தத்தக் கொறைப்பம். பொறகு கூட்டலாம்."

இந்த வேடிக்கையான பதிலுக்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் போல் கல்வின் என்பவரின் நிறுவனம் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் என்ற சொல்லோடு ஒரு விகுதியைச் சேர்த்து 'மோட்டரோலா' என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் கம்பனிக்கே அதுதான் பெயராயிற்று. அந்நாளில் அவர்களுக்கு ஏற்பட்ட பெருந்தலையிடி எஞ்சினின் மின்பொறி எழுப்பிய கரகரப்பு. பாட்டைக் கொண்டுவருவதைவிட வண்டியை வாய்மூடச் செய்வதே கடினமாக இருந்தது. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. தாழ்ந்த கியரில் மலையேறும் எஞ்சினின் உறுமல், ஈரத் தெருவில் டயரின் இரைச்சல், கண்ணாடி இடுக்கில் காற்று ஆகியவை யாவும் பெரும்பாலும் கனத்த, தாழ்ந்த ஒலிகளே. தாழ்ந்த ஒலிக்கு ஒரு குணம் உண்டு. தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை அது மூடிவிடும். எனவே அந்த இரைச்சலுக்கு மேல் நாமும் 'பேஸ்' கூட்டினால் மூடுதுணியின் மேல் இன்னொரு துணியைப் போட்டது போலாகும்.

இங்கே தமிழாசிரியனுக்குச் சற்று இடம் தாருங்கள். பேசும் குரலில் உயிரெழுத்துகளின் உடல்வலு பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஆணா பெண்ணா பேசுகிறார், உரக்கப் பேசுகிறாரா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். இன்ன சொல் என்று நமக்குப் பிரித்துக் காட்டும் நுட்பமோ பெரும்பாலும் அதற்கு மேலே, சகரம் போன்ற ஒலிகளில் 4000 ஹேர்ட்ஸையும் தாண்டி, இருக்கிறது. தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைச் சேரும்போது, ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம், நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடினால் ழகரம். நா பின்னோக்கி வளையும்போது வாய்க்குள் எழும் எதிரொலிகளில் ஒன்று தாழ்ந்து இறங்குகிறது என்று இன்றைய ஒலியியல் சொல்கிறது. அந்த வேறுபாடு ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் நிகழ்கிறது. அந்தப் பகுதி மங்கினால் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிடும். எங்கள் லயத்துப் பேச்சில் மழையை 'மள' என்போம், மலையை 'மல' என்போம். இரண்டையும் பிரிப்பது ஒரு நாவளைவு மாத்திரமே. என் காரில் அந்த நாவளைவுதான் காணாமற் போயிருந்தது.

எங்கே காணாமற் போயிற்று என்று படிப்படியாகத் தேடினோம்.

முதலாவது, மூலப் பிரதி. நாடாவைத் தொட்டுச் செல்லும் 'ஹெட்' என்னும் காந்தத் தலை, நாடாவுக்குச் சரியான செங்குத்தில் நிற்கவேண்டும். மயிரளவு சாய்ந்தாலும் மேல்ஒலிகள் மங்கிவிடும். சித்தப்பாவின் பெட்டியில் அது எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் வைத்துக் கேட்டால்தான் அந்தப் பதிவு முழுதாகத் திறக்கும். தலையைச் சுத்தமான ஸ்பிரிட்டால் துடைத்தபின், அதன் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, சகர ஒலி எப்போது மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தினார் மாணவர். அதன்பின் மீண்டும் பிரதி எடுத்தோம். என் முந்திய பிரதி இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக மிகவும் சுருக்கப்பட்ட எம்.பி.3. அப்படிச் சுருக்கும்போது முதலில் பலியாவது மேல்ஒலியே. இம்முறை சீ.டீ. தரத்தில், விநாடிக்கு 44,100 மாதிரிகளாக, சுருக்காமல் எடுத்தோம். மூலத்தில் போனதை எந்த அம்பிளிபயராலும் திருப்பித் தரமுடியாது. ஏட்டைப் படியெடுத்தவர் விட்ட எழுத்தை உரையாசிரியர் ஊகிக்கலாம், கேட்க முடியாதல்லவா?

இரண்டாவது, வாட் கணக்கு. கார் வானொலியின் முகப்பில் '50 வாட், நான்கு' என்று அச்சிட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ற்றளவில்தான் இருக்கும். சாதாரண நான்கு ஓம் ஒலிபெருக்கிக்கு அதனால் சுத்தமாகத் தரக்கூடியது ஏறத்தாழ 20 வாட்டே. மிகுதியெல்லாம் கணநேர உச்சத்தின் கணக்கு. அந்த 20 வாட் ஒரு குரலுக்குத் தாராளம். அதற்கு மேலும் முடுக்கினால் ஒலியலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகும். வெட்டுண்ட ஒலி காதைக் கிழிக்கும். மேல்ஒலி தரும் சிறிய 'டுவீற்றர்'களையும் எரித்துவிடும். வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மூன்று டெசிபல் மாத்திரமே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் தேவைப்படும். ஆகவே காசை வாட்டில் கொட்டுவதைவிட மௌனத்தில் செலவழிப்பது இலாபம்.

மூன்றாவது, கதவு. காரில் ஒலிபெருக்கிக்குக் கதவுதான் பெட்டி. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னே இழுக்கிறது. கதவின் உட்தகட்டிலுள்ள ஓட்டைகள் வழியாகப் பின்னலை முன்னே கசிந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒலி மெலிந்து, தகடு மட்டும் அதிரும். மாணவர் கதவின் உட்புறத்தைக் கழற்றி, தகட்டில் தார்த் தாள் ஒட்டி, ஓட்டைகளை மூடி, ஒலிபெருக்கியைச் சுற்றி மென்பஞ்சு வளையம் வைத்தார். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வடியும் துவாரங்களை மட்டும் அடைக்கவில்லை. நீர்காப்புப் பிளாஸ்டிக் தாளையும் திரும்ப ஒட்டினார். எங்கள் ஊர் ஈரத்தில் அந்தத் தாள் கிழிந்திருந்தால் காகிதக் கூம்பு ஊறிக் கெட்டுவிடும். கதவைத் தட்டிப் பார்த்தேன். முன்பு தகர டப்பா போல ஒலித்தது, இப்போது மரப்பலகை போல ஒலித்தது. வழி இரைச்சலும் ஓரளவு குறைந்தது.

நான்காவது, நேரும் எதிரும். ஒலிபெருக்கியில் நேர்முனை, எதிர்முனை என இரு கம்பிகள். ஒரு பக்கத்தில் அவை மாறியிருந்தால் இடப்புறக் கூம்பு முன்னே வரும்போது வலப்புறக் கூம்பு பின்னே போகும். பாடுபவர் எங்கும் இல்லாதவர் போலத் தோன்றும். என் காரில் அதுதான் நடந்திருந்தது. ஒன்றரை வோல்ற் டோர்ச் பற்றரியை ஒலிபெருக்கியின் கம்பிகளில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தாலே போதும். நேர்முனை சரியென்றால் கூம்பு வெளியே துள்ளும். கம்பிகளைச் சரிசெய்ததும் அப்பாயியின் குரல் திடீரென முன் கண்ணாடியின் நடுவே வந்து அமர்ந்தது. நேயர்களே, எனக்கு மெய்சிலிர்த்தது.

ஐந்தாவது, குரல் வரும் திசை. மேல்ஒலிகள் கைவிளக்கு வெளிச்சம் போல நேர்கோட்டில் செல்பவை. கதவின் அடியிலுள்ள ஒலிபெருக்கி அவற்றை நம் முழங்காலுக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். எனவே சிறிய டுவீற்றர்களைப் பக்கக் கண்ணாடியின் அருகே, காது மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தோம். பின்சீற்றுக்குப் பின்னாலிருந்த ஒலிபெருக்கிகளைக் குறைத்தோம். கச்சேரியில் பாடகர் நமக்கு முன்னால்தானே அமர்கிறார்! மேலும், நம் நாட்டில் சாரதி வலப்புறம் இருப்பதால் வலது ஒலிபெருக்கி அவருக்கு அருகில் இருக்கிறது. 60 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தாலும் அந்த ஒலி ஏறத்தாழ 1.8 மில்லி விநாடி முந்தி வந்து குரலைத் தன் பக்கம் இழுத்துவிடும். புதிய கருவிகளில் அருகிலுள்ளதைத் தாமதிக்கச் செய்யும் வசதி உண்டு. பழையவற்றில் 'பலன்ஸ்' குமிழைச் சற்று இடப்புறம் திருப்பலாம்.

ஆறாவது, பேஸ் பெட்டி. அதை நான் பகைக்கவில்லை. மிருதங்கத்தின் தொப்பியும், காமன் கூத்தில் அதிரும் தப்பும் அடியொலி இல்லாமல் உயிர்பெறா. ஆனால் அந்தப் பெட்டி ஏறத்தாழ 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பேசவேண்டும். முன்னைய கடையில் அதை 200 வரை திறந்து விட்டிருந்தார்கள். அதனால் அது குரலின் அடிப்பகுதிக்குள் புகுந்து சொற்களைக் குழப்பிற்று. அதன் மின்கம்பியையும் ஒலிக்கம்பியையும் ஒரே பக்கமாகக் கட்டியிருந்ததோடு, 'ஏர்த்' கம்பியைப் பெயின்ற் மேலேயே முறுக்கியிருந்தார்கள். கார் வேகத்தோடு ஏறி இறங்கிய ஒரு கீச்சொலியும் அதனால் வந்தது. கம்பிகளைக் காரின் இரு பக்கங்களாகப் பிரித்து, ஏர்த்தைச் சுரண்டிய வெறும் உலோகத்தில் இறுக்கினோம். பற்றரிக்கு மிக அருகே ஒரு பியூஸும் போட்டோம். அது ஒலிக்காக அன்று, தீ விபத்தைத் தவிர்ப்பதற்காக.

வானொலி நேயர்கள் ஒன்றைக் கேட்பீர்கள்: மலையகத்து வளைவுகளில் எவ்.எம். ஏன் சீறுகிறது? எவ்.எம். அலை பெரும்பாலும் பார்வைக் கோட்டில் செல்வது. 2524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை உச்சியில் கோபுரம் நின்றாலும், இடையில் ஒரு மலைத்தோள் குறுக்கிட்டால் நமக்கு நிழல்தான். பாறையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் நேரலையும் சற்று முன்பின்னாக வந்து மோதும்போது சொல் சிதறும். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16இல் கொழும்பில் தொடங்கிய நம் வானொலியை நெடுங்காலம் கொண்டுவந்த மத்திய அலை நிலத்தைத் தழுவி வருவதால் பள்ளங்களிலும் ஓரளவு கிடைத்தது. ஆனால் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹேர்ட்ஸே இடைவெளி என்பதால் ஏறத்தாழ 4500 ஹேர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் வெட்டுண்டுவிடும். எவ்.எம். 15,000 வரை தரும். கருவியில் 'மோனோ' பொத்தான் இருந்தால் சீறும் இடங்களில் அதை அழுத்துங்கள். இரைச்சல் வெகுவாகக் குறையும். பேச்சு நிகழ்ச்சிக்கு இரு பக்க ஒலி அவசியமுமில்லை.

காரின் உட்புறத்தை முழுமையாக ஒரு இசைக்கருவியாக எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் அமர் போஸ். அமெரிக்காவில் குடியேறிய வங்காளத் தந்தைக்கு 1929இல் பிறந்து, எம்.ஐ.டி.யில் பல்லாண்டு பேராசிரியராக இருந்து, 2013இல் மறைந்தவர். 1983ஆம் ஆண்டு மொடல் ஜெனரல் மோட்டர்ஸ் கார்கள் சிலவற்றுக்கு அவருடைய நிறுவனம் அந்தந்தக் காரின் கண்ணாடி, இருக்கை, இடைவெளி ஆகியவற்றை அளந்து ஒலியமைப்பைச் செய்துகொடுத்தது. கண்ணாடி ஒலியைத் திருப்பி எறிகிறது, இருக்கை விழுங்குகிறது. ஆகவே கடையில் இனித்த ஒலிபெருக்கி காரில் கசக்கலாம். எந்தக் கருவி வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் மாணவர் சொல்வதும் இதுதான்: தெரிந்த ஒருவரின் பேச்சுக் குரலைப் போட்டு, உங்கள் காரிலேயே கேளுங்கள். தெரிந்த குரல் தெரிந்தபடி இருந்தால் பாட்டும் சரியாகவே இருக்கும்.

இவ்வளவும் செய்து முடித்து, அடுத்த கிளினிக் நாளில் அப்பாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து இஸ்டோரில் ரோலர் இரைச்சலுக்கும் சல்லடை இரைச்சலுக்கும் நடுவே வேலை செய்தவர். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் காது தாங்கக்கூடாது என்றும், ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் இன்று சொல்கிறார்கள். அன்று யார் சொன்னார்கள்? முதுமையும் இரைச்சலும் முதலில் தின்பது மேல்ஒலியைத்தான். அவருக்குச் சத்தம் கேட்டும் சொல் கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே அவருக்காக மேல்ஒலிக் குமிழைக் கொஞ்சம் கூட்டி, பேஸைக் குறைத்து வைத்தேன். பலத்த சத்தத்தில் பாட்டுப் போட்டு நாள் முழுதும் வண்டி ஓட்டும் நம் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சென்ட் கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவு தாண்டி மழை தூறத் தொடங்கியது. அப்பா மறுபடியும் காதைச் சாய்த்தார். அவருக்கு இன்னும் ஏதோ எட்டவில்லை. ஓரமாக நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டேன். எத்தனை வேலை செய்தும் கடைசியாக மிஞ்சியிருந்த பரிகாரம் அதுவே. அப்பாயி பாடினார். அப்பா முதுகை நிமிர்த்தினார்.

"மள விட்டதும் வாறேங்குறா," என்றார்.

"மலை விட்டதும்னு இல்லையாப்பா?"

"மல இல்லப்பா, மள."

திரும்பப் போட்டேன். ஐயமில்லை, நா வருடியது எனக்கும் தெளிவாகக் கேட்டது. என் காவற்கார மலை கரைந்துபோயிற்று. அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்:

"மள விட்டாலும் அவ வரமாட்டா. கொங்காணிய போட்டுக்கிட்டு மளையிலயுந்தான் கொழுந்து எடுப்பாங்க. அந்தி நெறுவ முடிஞ்சாத்தான் வருவா. பிள்ள அழக்கூடாதுன்னு மளையச் சொல்லியிருக்கா. நானும் மடுவத்து வாசல்ல மளையப் பாத்துக்கிட்டே நிப்பேன்."

அடுத்த நாள் வகுப்பில் மாணவர்களிடம் பழைய குறிப்பை வெட்டச் சொன்னேன். 'மலை' என்ற இடத்தில் 'மழை' என்று எழுதச் சொல்லி, அப்பா தந்த உரையையும் சேர்த்துச் சொன்னேன்.